கீவனாவில் செம்பு தேடப் போகிறவர்களுக்கு: பாறையைப் படிக்கவும், கல்லைச் சோதிக்கவும், களிம்பைக் கழற்றவும்

செம்பு என்றால் தாதுவை வெட்டி, அரைத்து, உருக்கி, கடைசியில்தான் உலோகத்தைக் கண்ணால் பார்ப்பது வழக்கம். சுப்பீரியர் ஏரிக்குள் வடகிழக்காக நீண்டு கிடக்கும் கீவனா தீபகற்பத்தில் அந்தச் சுற்றுவழி தேவைப்படவில்லை. பாறையை உடைத்தால் செம்பு செம்பாகவே இருக்கும், தட்டினால் வளையும். மிச்சிகன் மாநிலப் பெருநிலத்தின் வடகோடியான இந்தக் கரையில் 1845 முதல் 1968 வரை தோண்டி எடுத்தது சுமார் 50 லட்சம் டன். அதில் பெரும்பகுதி பெயின்ஸ்டேலுக்கும் மொஹாக்குக்கும் இடையே, ஏறக்குறைய 45 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு குறுகிய பட்டையிலிருந்து வந்தது.

சுரங்கங்கள் மூடிவிட்டன. அவை வேண்டாம் என்று வெளியே கொட்டிய கல் மட்டும் குன்று குன்றாகக் கிடக்கிறது. டெட்ராய்ட்டிலிருந்தோ சிக்காகோவிலிருந்தோ ஒரு நாள் முழுக்க வண்டி ஓட்டி அங்கே போய், குவியலைக் கண்டபடி கிளறி, வெறும் கையோடு திரும்புகிறவர்கள்தான் அதிகம். பாறையைப் படிக்காமல் செம்பைத் தேடுவதுதான் காரணம். முதல் அரை நாளைப் பாறைக்கு ஒதுக்குங்கள்.

செம்பு எங்கே போய் உட்கார்ந்தது

சுமார் 110 கோடி ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்காவின் நடுவே நிலம் பிளக்கத் தொடங்கியது. பிளவின் வழியே எரிமலைக் குழம்பு அலை அலையாக வெளியேறி, ஒன்றன்மேல் ஒன்றாக 200-க்கும் மேற்பட்ட பசால்ட் அடுக்குகளாக உறைந்தது. போர்டேஜ் லேக் எரிமலைத் தொகுதி என்று இதற்குப் பெயர். கீவனாவின் முதுகெலும்பு இதுதான். குழம்பு ஓயும்போதெல்லாம் ஆறுகள் கூழாங்கல்லையும் மணலையும் கொண்டுவந்து பரப்பின. அதனால் பசால்ட் அடுக்குகளுக்கு நடுநடுவே மெல்லிய கூழாங்கல் திரள்பாறையும் உண்டு.

செம்பு வந்தது பிற்பாடு, ஏறக்குறைய 105 முதல் 106 கோடி ஆண்டுகளுக்கு முன். ஆழத்தில் புதைந்த பசால்ட்டிலிருந்து செம்பைக் கரைத்துக்கொண்ட வெந்நீர் மேலே ஏறியது. அதே காலத்தில் கிழக்கே இருந்து வந்த நெருக்கத்தால் பழைய பிளவுகள் மறுபடி அசைந்து, நீருக்கு வழிவிட்டன. கந்தகம் இருந்திருந்தால் செம்பு அதனோடு சேர்ந்து சல்பைடாகியிருக்கும். குழம்பு திறந்தவெளியில் கொட்டியபோதே கந்தகம் பெரும்பாலும் காற்றோடு போய்விட்டதால், செம்பு தனியாகவே படிந்தது. இதற்கு எதிர்ச்சாட்சி தென்மேற்கே ஒயிட் பைன் சுரங்கத்தில் இருக்கிறது. அங்கே கந்தகம் உள்ள நான்சச் களிப்பாறைக்குள் செம்பு நுழைந்தது. கிடைத்தது பெரும்பாலும் சால்கோசைட் என்ற கருஞ்சாம்பல் சல்பைடு.

வெந்நீர் போக வழி வேண்டும், செம்பு தங்க இடம் வேண்டும். இரண்டும் இருந்தது மூன்று இடங்களில். குழம்பு அடுக்கின் நுரைத்த மேற்பகுதி ஒன்று, மொத்தச் செம்பில் ஏறத்தாழ 58 சதவீதம் அங்கேதான். கூழாங்கல் திரள்பாறையின் இடுக்குகளில் ஏறத்தாழ 40 சதவீதம். அடுக்குகளைக் குறுக்கே வெட்டும் பிளவு நரம்புகளில் 2 சதவீதம்தான். ஆனால் கண்ணைப் பறிக்கும் ராட்சதக் கட்டிகள் அந்த 2 சதவீதத்தைச் சேர்ந்தவை. 1857-இல் மிச்சிகனிலேயே உள்ள மினசோட்டா என்ற சுரங்கத்தில் அகப்பட்ட ஒரே கட்டி 500 டன்னுக்கும் மேல். இவ்வளவு பெரிய செம்பை வெடிவைத்துத் தகர்க்க முடியாது, வளைந்துகொடுக்கும். ஆள் வைத்து உளியால் மாதக்கணக்கில் வெட்டித்தான் வெளியே எடுத்தார்கள். பெருங்கட்டி லாபத்துக்கு நல்லது என்று எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலான சுரங்க முதலாளிகளுக்குச் சோறு போட்டது, நுரைத்த குமிழ்ப்பாறையிலும் திரள்பாறையிலும் சில சதவீதமே இருந்த சில்லறைச் செம்பு.

ஒரு குழம்பு அடுக்கைக் கீழிருந்து மேலாகப் படிப்பது

சாலை வெட்டிலோ ஓடைக்கரையிலோ ஒரு முழு அடுக்கு தெரியும் இடமாகப் பார்த்து நில்லுங்கள். அடுக்கு பெரும்பாலும் 10 முதல் 20 மீட்டர் தடிமன் இருக்கும்.

அடிப்பகுதி நுண்மணிப் பாறை, கருமை, சில சென்டிமீட்டர் அளவுக்குச் சிறு குமிழ்கள். அதற்கு மேலே அடுக்கின் பெரும்பகுதி கெட்டியான பசால்ட். இங்கே குமிழே இருக்காது, செம்பும் இருக்காது. ஈரமாக்கி வெயிலில் திருப்பிப் பார்த்தால் மங்கலான புள்ளிகள் தெரியும். மெதுவாக ஆறிய இடத்தில் கனிம மணிகள் பெரிதாக வளரும் என்பதால், அடுக்கின் நடுவை நெருங்க நெருங்கப் புள்ளி பெரிதாகும். பழைய சுரங்க நிலவியலாளர்கள் இந்தப் புள்ளியின் அளவை வைத்தே அடுக்கின் தடிமனை மதிப்பிட்டார்கள். புள்ளி பெரியதாக இருக்கும் கல் கையில் வந்தால் கீழே போட்டுவிடலாம்.

மேற்பகுதிதான் உங்கள் இடம். வெளியேறத் தவித்த வாயு குமிழ்களாக உறைந்து, பிறகு அந்தக் குழிகளைக் கனிமங்கள் நிரப்பிய பாறை. பாதாம் பருப்பு பதித்ததுபோல் இருப்பதால் கிரேக்கத்தில் பாதாமைக் குறிக்கும் சொல்லிலிருந்து அமிக்டலாய்டு என்று பெயர் வைத்தார்கள். நிறம் பெரும்பாலும் செங்கல் சிவப்பு அல்லது ஊதா கலந்த பழுப்பு. வெறும் குமிழ்ப்பாறையைவிட, உறைந்த மேல் ஓடு நொறுங்கித் துண்டு துண்டாகக் கிடந்து பிறகு ஒட்டிக்கொண்ட வகை மேலானது. துண்டுகளுக்கிடையே இடைவெளி தொடர்ந்து இருப்பதால் வெந்நீர் தாராளமாகப் போயிருக்கும்.

அடுத்து குழியை நிரப்பிய கனிமத்தைப் பாருங்கள். பிஸ்தா பச்சையில் எபிடோட், நீலம் கலந்த கரும்பச்சையில் பம்பெல்லைட், வெளிர்பச்சையிலோ இளஞ்சிவப்பிலோ பிரெனைட், சால்மன் நிறத்தில் பெல்ட்ஸ்பார், இவற்றோடு குவார்ட்ஸும் கால்சைட்டும் என்றால் நின்று தேடத் தகுந்த பாறை. வெறும் கரும்பச்சைக் குளோரைட்டும், தொட்டாலே உதிரும் ஆரஞ்சு வெள்ளை லாமண்டைட்டும் மட்டும் இருந்தால் நேரத்தை வீணாக்க வேண்டாம். இளஞ்சிவப்புப் பிரெனைட்டை லென்ஸ் வைத்துப் பாருங்கள். அந்த நிறமே உள்ளே தூசியாகப் பரவிய செம்பால் வந்ததாக இருக்கலாம்.

இன்னொரு தடயம் நிற வெளுப்பு. சிவப்புப் பாறையில் திடீரென்று திட்டாக வெளிறிய இடம் இருந்தால் அங்கே லென்ஸைக் கொண்டுபோங்கள். செம்பு படிந்த இடத்தைச் சுற்றி இரும்பின் சிவப்பு அகன்றிருப்பது இங்கே சகஜம், குறிப்பாகத் திரள்பாறையில்.

திசை, சாய்வு, வரைபடம்

அடுக்குகள் எல்லாம் வடமேற்காக, ஏரியை நோக்கிச் சாய்கின்றன. தீபகற்பத்தின் நுனியில் கிடைத்திசை, அதாவது அடுக்குகள் நீண்டு ஓடும் திசை, கிழக்காக வளைவதால் அங்கே சாய்வு வடக்கே. ஏரியின் மறுபுறம் ஐல் ராயல் தீவில் இதே அடுக்குகள் தென்கிழக்காகச் சாய்கின்றன. அதாவது ஏரி ஒரு கிண்ணம், கீவனா அதன் ஒரு விளிம்பு, தீவு எதிர் விளிம்பு. ஹான்காக்கில் உள்ள குயின்சி சுரங்கத்தின் 2-ஆம் எண் குழி இந்தச் சாய்வைப் பின்பற்றியே 9,260 அடி இறங்கியது. சரிவு வழியாக ஏறக்குறைய 2.8 கிலோமீட்டர்.

ஆகவே ஒரு செம்பு அடுக்கைத் தொடர வேண்டுமானால் வடகிழக்கு–தென்மேற்காக நடக்க வேண்டும். பழைய குவியல்களும் அந்தக் கோட்டில்தான் வரிசையாக நிற்கும். பிளவு நரம்பு என்றால் கோட்டுக்குக் குறுக்கே. கிளிஃப் சுரங்கம் அப்படிப்பட்டது. கிரீன்ஸ்டோன் என்ற மிகத் தடித்த குழம்பு அடுக்கின் செங்குத்துப் பாறைமுகத்தைக் குறுக்கே வெட்டும் நரம்பை 1845-இல் பிடித்தார்கள்.

காந்த ஊசியை மட்டும் நம்பிப் போகாதீர்கள். பசால்ட்டில் மேக்னடைட் என்ற காந்தத் தன்மையுள்ள இரும்புக் கனிமம் உண்டு, பாறைக்கு அருகே வைத்தால் ஊசி விலகும். கைபேசியில் உள்ள திசைகாட்டிக்கும் அதே கதிதான். பாறையிலிருந்து சில அடி தள்ளி இரண்டு மூன்று இடத்தில் அளந்து ஒப்பிடுங்கள், அல்லது ஜிபிஎஸ்ஸில் இரு புள்ளிகளைக் குறித்துத் திசை எடுங்கள். அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறை 1950-களில் இப்பகுதிக்கு 1:24,000 அளவில் வெளியிட்ட நிலவியல் வரைபடங்கள் இன்றும் உதவும். அடுக்குகளைப் பெயரோடு பார்க்கலாம்.

கரையோரத்தில் ஏமாற இரண்டு இடங்கள். காப்பர் ஹார்பர் ஊரை ஒட்டிய வடகரை பெரும்பாலும் கூழாங்கல் திரள்பாறை. பார்க்க அழகு, பெயரிலும் செம்பு உண்டு, ஆனால் பெரிய சுரங்கங்களின் செம்பு அங்கிருந்து வரவில்லை. தென்கிழக்குக் கரையில் வெள்ளைப் புள்ளியோடு தெரியும் சிவப்பு ஜேக்கப்ஸ்வில் மணற்பாறை, கீவனா பிளவு என்ற நிலப்பெயர்வுக் கோட்டின் மறுபக்கம். பிளவுக்கு மேலே பசால்ட் ஏறி நிற்கிறது, கீழே இந்த மணற்பாறை. அதில் செம்பு தேடுவது வீண். கே என்ற ஊரின் ஏரிக்கரையில் பரந்து கிடக்கும் கருஞ்சாம்பல் மணலை இயற்கை என்று நினைத்து வாளியில் அள்ளாதீர்கள். ஆலைகளில் இடித்துக் கொட்டிய பாறைத்தூள் அது, செம்பு இருப்பதாலேயே மீன்களுக்கு நஞ்சு.

போகும் முன்: அனுமதி, பருவம், ஆபத்து

குவியல்கள் பெரும்பாலும் தனியார் நிலத்தில். வேலி இல்லை என்பது அனுமதி ஆகாது. காசு வாங்கிக்கொண்டு தேட விடும் இடங்களும் உண்டு, முதல் தடவை அதுவே உசிதம். மாநில நிலத்தில் ஒருவர் ஓராண்டில் எடுக்கக்கூடிய கல் 25 பவுண்டு, சுமார் 11 கிலோ. ஐல் ராயல் தேசியப் பூங்காவில் ஒரு கூழாங்கல்லைக்கூட எடுக்கக்கூடாது. உருண்டைக் கற்சுத்தியல்கள் கிடக்கும் ஆழமில்லாத பழங்குழிகளைக் கண்டால் கை வைக்காமல் விலகுங்கள். ஐரோப்பியர் வருவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே செம்பெடுத்த பூர்வகுடிகளின் வேலைத்தலங்கள் அவை.

பனி 1978–79 குளிர்காலத்தில் 390 அங்குலம் கொட்டிய ஊர் இது. மே கடைசி முதல் அக்டோபர் வரைதான் பருவம். ஜூனில் கருஈ மொய்க்கும், செப்டம்பர் சுகம். நவம்பர் 15 முதல் 30 வரை மான் வேட்டைக்காரர்கள் துப்பாக்கியோடு திரிவார்கள், ஆரஞ்சு மேலாடை இல்லாமல் காட்டுக்குள் நுழையாதீர்கள்.

பழைய குழிகளின் மூடி இற்றுப்போயிருக்கலாம். குவியலுக்குப் பக்கத்தில் நிலம் கிண்ணம்போல் அமுங்கியிருந்தால் அதன் மேல் நடக்காதீர்கள். குவியலில் பென்சில் தடிமனில், ஒரு விரல் நீளத்துக்கும் குறைவான செம்புக் குழாய் கிடைத்தால் எடுக்கவோ தட்டவோ கூடாது. பழைய வெடித்தூண்டியாக இருக்கக்கூடும். இடத்தைக் குறித்துக்கொண்டு தள்ளிப் போய் அவசர உதவி எண்ணான 911-க்குச் சொல்லுங்கள்.

குவியலில் வேலை

எடுத்துச் செல்ல வேண்டியவை: ஒன்றரை முதல் இரண்டு கிலோ சுத்தியல், தட்டை உளி, கண்காப்புக் கண்ணாடி, தடித்த கையுறை, 10 மடங்கு லென்ஸ், காந்தம், தண்ணீர் தெளிப்பான், மெட்டல் டிடெக்டர். பசால்ட் சில்லு கண்ணாடித்துண்டு மாதிரி வெட்டும். கண்ணைக் காக்கும் கண்ணாடி இல்லாமல் ஒரு அடிகூட அடிக்காதீர்கள்.

டிடெக்டரில் உலோகம் பிரிக்கும் வசதியை அணைத்துவிட்டு எல்லா உலோகத்துக்கும் ஒலிக்கும்படி வையுங்கள். பிரிப்பை ஏற்றிவைத்தால், பாறைக்குள் தூளாகச் சிதறிய செம்பைக் கருவி குப்பைத் தகடு என்று எண்ணி விட்டுவிடும். மேக்னடைட்டால் கருவி சும்மா கத்திக்கொண்டே இருந்தால், செம்பில்லாத பசால்ட் கல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதன் மேல் கருவியின் நிலச் சமநிலையை (ground balance) சரிசெய்யுங்கள். பிறகும் கத்தினால் உணர்திறனைக் குறையுங்கள்.

ஒலி வந்ததும் குவியலில் துளைக்க வேண்டாம். மேல் கற்களை ஒவ்வொன்றாக எடுத்து டிடெக்டரின் சுருளுக்கு முன் காட்டுங்கள். ஒலிக்கிற கல்லைக் காந்தத்தில் ஒட்டிப் பாருங்கள். பலமாகப் பிடித்தால் அது தண்டவாள ஆணி, துளைக்கருவி முனை, கம்பி வகையறா. கீவனா குவியல்களில் பழைய இரும்புக்குப் பஞ்சமில்லை.

இப்போது சுத்தியல். செம்பில்லாத பசால்ட்டைத் தட்டினால் 'டண்' என்று சுத்தியல் துள்ளும். செம்பு கோத்த கல் 'தொப்' என்று அடியை வாங்கிக்கொள்ளும், விரிசல் விட்டாலும் இரு பாதியும் பிரியாமல் தொங்கும். அந்த நேரத்தில் பலத்தை ஏற்றினால் போச்சு. செம்பு நசுங்கி, இயற்கையான கிளைவடிவம் தட்டையாகி, கல் காட்சிப்பொருளுக்கு ஆகாமல் போகும். சுற்றியுள்ள பாறையை ஓரத்திலிருந்து உளியால் சிறிது சிறிதாகக் கொறியுங்கள். வெளியே கால்சைட் சூழ்ந்திருந்தால் அடிக்கவே வேண்டாம், அதை வீட்டில் ஆசிட் பார்த்துக்கொள்ளும்.

ஏரிக்கரையிலும் சரளைக் குழிகளிலும் கிடைப்பது வேறு ரகம். பனியாறுகள் பெயர்த்துக்கொண்டுபோன செம்பு, ஓரங்கள் மழுங்கி, தடித்த பச்சை ஓட்டோடு, சில சமயம் கீறல் கோடுகளோடு இருக்கும். பனியாறு இதைத் தெற்கே இல்லினாய், ஐயோவா வரை இழுத்துப் போயிருக்கிறது. அதனால் இப்படிப்பட்ட கல் கிடைத்த இடத்தைச் சுற்றிச் சுரங்கம் இருக்கும் என்று தோண்டக்கூடாது.

செம்புதானா, எவ்வளவு?

பச்சை தெரிந்தால் செம்பு என்று குதிக்க வேண்டாம். எபிடோட்டும் பச்சை, பிரெனைட்டும் பச்சை. கத்தியால் கீறுங்கள். இவை இரண்டிலும் கத்தி வழுக்கும். குளோரைட் கீறும், ஆனால் சோப்பு மாதிரி வழவழப்பு, பொடி வெளிர்பச்சை. செம்பில் கீறல் விழுந்த இடம் புதுக் காசு நிறத்தில் பளிச்சிடும், ஊசியால் குத்தினால் குழி விழும், பொடியாகாது. வெள்ளையாகப் பளிச்சிட்டால் வெள்ளியாக இருக்கலாம். ஒரே கட்டியில் பாதி செம்பு பாதி வெள்ளியாகக் கிடைப்பது இங்கே உண்டு, அப்படியானால் சுத்தியலை மூட்டை கட்டி வையுங்கள்.

கல்லுக்குள் எவ்வளவு செம்பு என்பதைச் சமையலறைத் தராசே சொல்லும். கல்லை நிறுங்கள், 1,200 கிராம் என்று வைத்துக்கொள்வோம். தராசில் தண்ணீர் வாளியை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக முக்குங்கள். இப்போது தராசு காட்டும் எண், 340 என்றால், கல்லின் கன அளவு 340 கன சென்டிமீட்டர். அடர்த்தி 1,200-ஐ 340-ஆல் வகுத்து 3.53. பசால்ட்டின் அடர்த்தி 2.9, செம்பினுடையது 8.96. 3.53-இலிருந்து 2.9-ஐக் கழித்து, மீதி 0.63-ஐ இரண்டு அடர்த்திகளின் வித்தியாசமான 6.06-ஆல் வகுத்தால் 0.104. கன அளவில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் செம்பு. எடையில் சுமார் 317 கிராம், கல்லில் கால்வாசிக்கு மேல்.

சறுக்கும் இடம் அந்த 2.9. குவார்ட்ஸும் கால்சைட்டும் நிறைந்த குமிழ்ப்பாறை 2.8-தான் இருக்கும். அப்படிக் கணக்கிட்டால் அதே கல்லில் 361 கிராம் வரும். குழிகள் காலியாக இருந்தால் உள்ளே காற்று நின்று கணக்கு இன்னும் கெடும், ஆகவே இரவு முழுக்க ஊறவைத்து, குமிழி அடங்கிய பிறகு அளந்து பாருங்கள். செம்பில்லாத அதே ரகக் கல் ஒன்றை முதலில் அளந்து அதன் அடர்த்தியைப் பயன்படுத்துவதே உத்தமம்.

களிம்பு கழற்றுவது

செம்புக் குடத்துக்குப் புளி போடுகிற வீடுகளில் வளர்ந்தவர்களுக்குப் பாதி வேலை தெரிந்ததே. மேல் களிம்புக்குப் புளியோ சிட்ரிக் அமிலமோ போதும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம், சில மணி நேரம், நடுவில் பழைய பல்துலக்கியால் தேய்ப்பு. பச்சை ஓட்டோடு கிடைத்த பனியாற்றுச் செம்பில் ஒரு பக்கத்தையாவது கழுவாமல் விடுங்கள், அந்த ஓடுதான் அதன் பயணச் சான்று.

கெட்டியான கால்சைட்டுக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டும். அதற்கு முன் ஒரு கேள்வி: அந்தக் கால்சைட் போக வேண்டுமா? தெளிந்த கால்சைட் படிகத்துக்குள் செம்பு மின்னும் கற்கள் கீவனாவின் மிக அரிய சரக்கு. ஆசிட்டில் போட்டால் வெறும் செம்புக் கம்பிதான் மிஞ்சும். டேட்டோலைட், அனால்சைம் என்ற கனிமங்கள் இருந்தாலும் ஆசிட் கூடாது, பரப்பு கூழாகிக் கெட்டுவிடும்.

போடுவது என்று முடிவானால், வெட்டவெளியில், பிளாஸ்டிக் வாளியில், முதலில் 10 பங்கு தண்ணீர், பிறகு கடையில் கிடைக்கும் ஆசிட் 1 பங்கு. வரிசை மாறினால் முகத்தில் தெறிக்கும். நுரை அடங்கினால் ஆசிட் ஓய்ந்துவிட்டது, மாற்றுங்கள். நுரை நின்ற பிறகும் கல்லை உள்ளேயே விட்டுவைத்தால், காற்றின் துணையோடு ஆசிட் செம்பையே தின்னத் தொடங்கும். ஆசிட்டில் இரும்புக் கம்பியோ ஆணியோ விழக்கூடாது, கரைந்த செம்பு அதன் மேல் போய்ப் படியும். நைட்ரிக் அமிலத்தின் பக்கமே போகாதீர்கள், செம்பு வெள்ளி இரண்டையும் கரைக்கும்.

எடுத்த கல்லை ஓடும் நீரில் கழுவி, சமையல் சோடா கரைத்த நீரில் ஒரு நாள் ஊறவிட்டு, மறுபடி நல்ல நீரில் இரண்டு நாள். குமிழ்ப்பாறையின் இண்டு இடுக்குகளில் துளி ஆசிட் மிஞ்சினாலும் ஒரு மாதத்தில் பச்சை வெடித்து வரும். வெயிலிலோ விசிறியடியிலோ முழுக்க உலர்த்தி, வேண்டுமானால் மெல்லிய மெழுகு பூசுங்கள். லாக்கர் என்ற பளபளப்பு வார்னிஷ் அடித்தால் கல் பொம்மைக்கடைச் சரக்காகிவிடும்.

கடைசி வேலை பலரும் தட்டிக்கழிப்பது. கல்லின் மறைவான மூலையில் வெள்ளைப் பெயிண்ட்டில் பொட்டு வைத்து, காய்ந்ததும் எண் எழுதுங்கள். அதே எண்ணுக்கு எதிரே நோட்டில் சுரங்கத்தின் பெயர், குவியலின் ஜிபிஎஸ் புள்ளி, எந்த ரகப் பாறை, கூட இருந்த கனிமங்கள், ஆசிட் போட்டீர்களா இல்லையா, தேதி. ஹோட்டன் நகரில் மிச்சிகன் டெக் பல்கலைக்கழகத்தின் சீமன் கனிம அருங்காட்சியகத்துக்கு ஒரு கல்லைக் கொண்டுபோய்க் காட்டினாலும், அங்கே உள்ளவர்கள் முதலில் கேட்பது எங்கே எடுத்தது என்றுதான்.